இடப்பக்கக் குழாய்

விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வந்த பக்கீர் முகம்மது டீகூடக் குடிக்கவில்லை. நேராக வாசலில் நின்ற ஜீப்பின் இடப்பக்கம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான். கதவுக்குக் கீழே ஓடும் புகைக்குழாயின் நடுவில், நீல நிறத்தில் ஒரு குதிகால் தடம். ரப்பர் செருப்பு உருகி ஒட்டியது. நேற்று இருட்டில் சின்னதாகத் தெரிந்தது, இப்போது வெளிச்சத்தில் உள்ளங்கை அகலம் இருந்தது.

பத்து மணிக்கு முதலாளி சங்கரலிங்கம் வந்துவிடுவார். மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கத் தேனிக்குப் போகிறார். அவரிடம் கார் இருக்கிறது. ஆனாலும் இந்த ஜீப்பில் போய் இறங்கினால்தான் ஏலக்காய்த் தோட்டக்காரர் என்பது அந்த வீட்டாருக்கு உறைக்கும் என்று ஒரு நினைப்பு.

அந்த ஜீப்பின் லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். கம்பம்மெட்டுக்கு மேலே, மழை பெய்தால் மாடுகூட வழுக்கி விழுகிற பாதைக்கென்று செய்த வண்டி அது. நாலு சக்கரமும் இழுக்கும். சேற்றில் புரளுவதுதான் அதன் பிழைப்பு. அதைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே கை தடிமனில் குரோம் பூச்சுக் குழாய் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார் மனிதர். புகை போகிற குழாய்க்கு இத்தனை சிங்காரமா என்று 2004ஆம் வருசத்துக் கம்பத்தில் கேட்காத ஆளில்லை. அவர் காதுபடக் கேட்ட ஆளும் இல்லை.

"மூட்டையும் நீயும் தவிர இதுல ஒரு ஈ ஏறக் கூடாது பாய்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். வெறும் பேச்சில்லை. பக்கீருக்கு முந்தி ஓட்டிய பொன்னுராஜ், மழையில் நனைந்துகொண்டு நின்ற சொந்தத் தங்கச்சியை ஏற்றிக்கொண்டு வந்ததற்காக மறுநாளே வீட்டுக்கு அனுப்பப்பட்டான். இத்தனைக்கும் அவள் குழாயை மிதிக்கக்கூட இல்லை.

இவன் ஏற்றியது தங்கச்சியை அல்ல. நேற்றுச் சாயங்காலம் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்த சுருளி, வாயில் நுரை தள்ளிக் கீழே விழுந்தான். அவன் பெண்டாட்டி சோணையம்மாள் அதே தோட்டத்தில் காய் எடுக்கிறவள். மாரில் அடித்துக்கொண்டு அழுதாளே தவிர, ஜீப்பில் ஏறச் சொன்னால் ஏறவில்லை. பொன்னுராஜ் கதை அவளுக்கும் தெரியும்.

"வேணாம் பாய். ஒங்க பொழப்பு போயிரும். கீழத் தோட்டத்துல வேற வண்டி கெடைக்குதான்னு நான் ஓடிப் பாக்குறேன்."

கீழத் தோட்டம் ஆறு கிலோமீட்டர். சுருளிக்கு அதற்குள் கண் செருகிக்கொண்டு போனது. பக்கீர் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"அட, மொதலாளிதான் வண்டிய எடுன்னு சொன்னாக. இப்பத்தான் போன்ல சொன்னாக. ஏறு ஆத்தா!"

அந்தத் தோட்டத்தில் போனே கிடையாது. அவளுக்கு அந்த நேரத்தில் அது எங்கே நினைவுக்கு வரப்போகிறது. கதவுக்குக் கீழே பளபளவென்று நீண்டிருந்ததைப் படி என்று நினைத்து ஒரே மிதியாக மிதித்து ஏறினாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். வண்டி ஓடி வந்த சூட்டில் குழாய் கொதித்துக்கொண்டிருந்தது. ரப்பர் கருகுகிற வாடையோடுதான் மலையை விட்டு இறங்கினார்கள். கம்பம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்து, ஊசி போட்டு, சுருளி கண் முழித்ததைப் பார்த்த பிறகுதான் பக்கீருக்குக் குழாயின் ஞாபகம் வந்தது. அப்போது பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

இன்ஜினை ஓடவிட்டுக் குழாயை லேசாகச் சூடாக்கினான். ரப்பர் இளகியது. கத்தி வைத்தால் கீறல் விழும் என்று கொட்டாங்குச்சிச் சில்லின் விளிம்பால் சுரண்டினான். கொஞ்சம் வந்தது, கொஞ்சம் பரவிக்கொண்டது. இன்ஜினை அணைத்தான். ஆறும்வரை பொறுமை இல்லாமல் மண்ணெண்ணெயில் பனியன் துணியை நனைத்துத் துடைக்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டான். தெருவில் ஏதாவது கார் திரும்பினால் எழுந்து நின்று பார்த்தான். பால்வண்டி. பிறகு பள்ளிக்கூட வேன்.

பெண்டாட்டி ரம்லத் டீயோடு வந்து நின்றாள். "மனுசன் உசுரக் காப்பாத்திட்டுத் திருடன் மாதிரி முழிக்கிறீக. நடந்ததச் சொல்லிர வேண்டியதுதான?"

"சொன்னா, ரொம்ப சந்தோசம் பாய், சாவிய வச்சுட்டுப் போன்னு சொல்வாக. பெறகு நீயும் நானும் திருப்பூருக்குப் பனியன் மடிக்கப் போவோமா?"

அவள் டீயைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நீலம் போய்விட்டது. இனி கருப்புக் கறை மட்டும். பக்கத்துப் பெட்டிக்கடையில் கிடந்த சிகரெட் அட்டைகளைப் பொறுக்கி வந்தான். உள்ளே இருக்கும் ஈயத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் பூச்சுக்குச் சேதமில்லாமல் கறை எடுக்கும் என்பது ஒர்க்‌ஷாப்பில் கற்ற வித்தை. தேய்த்தான். தோள்பட்டை விட்டுப்போகும்வரை தேய்த்தான். எட்டரை மணிக்குக் கறை போயே போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று நிமிர்ந்து, இரண்டடி தள்ளி நின்று பார்த்தான்.

தேய்த்த இடம் மட்டும் கண்ணாடியாக மின்னியது. மற்ற இடமெல்லாம் புகையும் தூசியும் படிந்து மங்கிக் கிடந்தது. இங்கேதான் தப்பு நடந்தது, வந்து பாருங்கள் என்று கூப்பிடாத குறை.

அப்புறம் என்ன, அந்தக் குழாய் முழுவதையும் தேய்த்தான். அது முடிந்ததும் வலப்பக்கக் குழாய் அழுக்காகத் தெரிந்தது. அங்கே ஓடினான். குழாய் மின்னினால் பக்கத்தில் பம்பர் பல்லை இளித்தது. பம்பரைத் துடைத்தான். மறுபடி இடப்பக்கம் வந்தால் ரம்லத் புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு வந்து, பித்தளைக் குத்துவிளக்கு கணக்காகக் குழாயைத் தேய்க்க ஆரம்பித்திருந்தாள்.

"அடியே! கீறல் விழுமடி!"

"ஒத்தாசைக்கு வந்தா கத்துறீக. எப்பிடியோ போங்க."

நல்லவேளை, கீழ்ப்பக்கம் விரல் நீளத்துக்கு மட்டும்தான் தேய்த்திருந்தாள். குனிந்து பார்த்தால்தான் தெரியும். சங்கரலிங்கம் வயிற்றோடு குனிகிற ஆளில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

ஒன்பதே முக்காலுக்கு எல்லாம் முடிந்தது. கை கழுவ எழுந்தபோது தெருமுனையில் சோணையம்மாள் வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு பையில் வாழைப்பழச் சீப்பு.

"பாய், எங்க வீட்டுக்காரரு கஞ்சி குடிச்சுட்டாக. மொதலாளி வீடு எங்கன இருக்கு? வண்டி அனுப்புன மகராசனக் கும்புட்டுட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

"அவுக ஊர்ல இல்ல ஆத்தா. நீ ஆஸ்பத்திரிக்குப் போ. நான் சொல்லிக்கிறேன்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, முதலாளியின் கார் வந்து நின்றது. பட்டுக்கரை வேட்டியும் புதுச் செருப்புமாகச் சங்கரலிங்கம் இறங்கினார். குழாயைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நின்றபடியே அதில் தன் மீசையைப் பார்த்து நீவிக்கொண்டார்.

"பாய், பிரமாதம்யா!"

அதற்குள் சோணையம்மாள் அவர் காலில் விழுந்துவிட்டாள். "சாமி, நீங்க மட்டும் வண்டியில ஏத்தச் சொல்லலேன்னா எந் தாலி நேத்தே போயிருக்கும்!"

தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள். பக்கீர் தரையைப் பார்த்தான். சங்கரலிங்கம் முதலில் ஒன்றும் புரியாமல் விழித்தார். காலடியில் கிடந்தவளின் பாதத்தைப் பார்த்தார். இடது செருப்பில் குதிகால் இருக்க வேண்டிய இடம் உருகி ஓட்டையாக இருந்தது. அங்கிருந்து கண் குழாய்க்குப் போனது. குழாயிலிருந்து பக்கீருக்கு வந்தது. அந்த ஒரு நிமிசத்தில் பக்கீர் திருப்பூருக்கு ரயிலே ஏறிவிட்டான்.

"எந்திரிம்மா" என்றார் சங்கரலிங்கம், கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே. "வண்டி வேற எதுக்கு இருக்கு?"

பழச் சீப்பையும் வாங்கிக்கொண்டார்.

தேனி போகும்வரை அவர் வாய் திறக்கவில்லை. உத்தமபாளையம் போனது, சின்னமனூர் போனது, வீரபாண்டியும் போனது. திட்டிவிட்டாலாவது தேவலை என்று பக்கீருக்கு இருந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் சுட்ட விரல் எரிந்தது.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவன் ஜன்னலோரம் நின்றான். உள்ளே காபி குடித்தபடி சங்கரலிங்கம் பேசுவது கேட்டது.

"வண்டி பெருசா, உசுரு பெருசா சொல்லுங்க? ஏத்திட்டுப் போன்னுட்டேன். அந்தப் பொம்பள கொதிக்கிற குழாய மிதிச்சு ஏறி, செருப்பே உருகி ஒட்டிருச்சு. ஒட்டுனா ஒட்டட்டும்னேன்."

பக்கீருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து தான் பட்ட பாடு என்ன, இவர் அங்கே அளக்கிற அளப்பு என்ன! ஆனால் வேலை போகாது என்று கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அப்படி நிம்மதிப்பட்டதற்காகத் தன் மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா விவரமான ஆள். "அந்த வண்டியா? பாப்பமே" என்று எழுந்து வந்துவிட்டார். குழாயோரம் குனிந்தார். "எங்கன மிதிச்சா?"

"இங்கனதான்" என்று சங்கரலிங்கம் விரலை நீட்டினார்.

அங்கே மாப்பிள்ளை அப்பாவின் முகம்தான் தெரிந்தது. "ஒரு தடமும் காணோமே?" என்று சிரித்தார். மரியாதையான சிரிப்புத்தான். ஆனால் இவர் விட்ட கதையில் எத்தனை சரடு என்று எண்ணிவிட்ட சிரிப்பு. போகும்போது, "கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பும் வழியில் உத்தமபாளையத்தில் வெற்றிலை வாங்க வண்டியை நிறுத்தச் சொன்னார் சங்கரலிங்கம். "ஆஃப் பண்ண வேணாம். இந்தா வந்துர்றேன்." போனவர் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு வந்து, இடப்பக்கக் கதவருகே நின்று குழாயையே பார்த்தார். முகம் சிவந்திருந்தது.

"அத ஏன்யா அழிச்ச? அந்தத் தடம் இருந்திருந்தா எனக்கு இந்த அசிங்கம் உண்டா?"

பக்கீர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவரைத் திரும்பிப் பார்த்தான். பயம் காலையிலேயே தீர்ந்துபோயிருக்க வேண்டும், இப்போது தேடினாலும் கிடைக்கவில்லை.

"ஒங்களுக்குப் பயந்துதான் மொதலாளி."

கடைக்காரரும், வெற்றிலை வாங்க நின்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சங்கரலிங்கம் ஏதோ சொல்ல வாய் திறந்தார். வெற்றிலைச் சாறுதான் வழிந்தது. அங்கே நிற்கப் பிடிக்காமல் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பளபளவென்று கண்ணில் பட்டதில் காலை வைத்து அவசரமாக ஏறி உட்கார்ந்தார்.

கருகுகிற வாடை வந்தது. சங்கரலிங்கம் மெல்லக் காலைத் தூக்கித் தன் புதுச் செருப்பின் அடியைப் பார்த்தார். பிறகு எதிரே ரோட்டைப் பார்த்தார்.

பக்கீரின் சீட்டுக்கு அடியில் பனியன் துணியும் ஈயத்தாளும் இருந்தன. அவன் அவற்றை எடுக்கவில்லை. கியரைப் போட்டு வண்டியைக் கம்பத்துக்கு விட்டான்.