முழுசும் மைனஸ்

மோகனூரில் எங்கள் அடுத்த வீட்டு மாரியாயிக்கு ஒரே மகன், கௌதமன். கம்ப்யூட்டருக்குள் வைக்கிற சிப் செய்யும் பெங்களூர் கம்பெனியில் வேலை. தங்கள் சிப் வேகமா, போட்டிக் கம்பெனியின் சிப் வேகமா என்று அளந்து பார்ப்பதுதான் உத்தியோகம். கொஞ்ச நாளாக வீட்டிலிருந்தே வேலை என்றாள் மாரியாயி. கொடியில் துணி காயப்போடும்போதெல்லாம் ஜன்னலைக் கவனித்தேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும், பையன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். நமக்கெதற்கு என்று அடுத்த துணியை எடுத்து உதறுவேன்.

வயது முப்பத்துநான்கு. வந்த ஜாதகமெல்லாம் தட்டிப்போய், கடைசியில் நாமக்கல்லில் ஒன்று பொருந்தியது. பெண் வித்யா, அந்தப் போட்டிக் கம்பெனியில் அதே வேலை. இதுவும் போனால் இனி யார் வரப்போகிறார்கள் என்று புலம்பிக்கொண்டேதான் மாரியாயி காரில் ஏறினாள். துணைக்கு நான். கூப்பிட்டார்கள்; கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

பெண்ணின் அப்பா முருகானந்தம் முட்டை வியாபாரி. நாமக்கல்லில் முட்டைக்கு ஒரு விலை அறிவிப்பார்கள். பண்ணையில் எடுக்கும்போது வியாபாரி அதில் கொஞ்சம் கழித்துத்தான் கொடுப்பார். அந்தக் கழிவுக்கு மைனஸ் என்று பெயர். அந்த மனிதருக்கு உலகத்தில் எதுவுமே அறிவித்த விலைக்கு இல்லை.

"ஏனுங்க தம்பி, உங்க சிப்பு வேகமா, எங்க பாப்பா கம்பெனி சிப்பு வேகமா?"

"எங்களுது முப்பது சதவீதம் வேகமுங்க." விளம்பரத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்தான் கௌதமன்.

காபித் தட்டோடு வந்த வித்யா நின்றாள். "எங்க லேப்டாப்புல மட்டும் சார்ஜரைக் கழட்டி, வேகத்தைக் கொறைச்சுட்டு அளந்தா அப்படித்தானுங்க வரும்."

பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க மட்டும் என்னவாம்? எங்க பழைய சிப்பைப் பக்கத்துல வெச்சுட்டுத்தான ஜெயிச்சீங்க?"

"ஆமாங்க. அதும் நெசந்தான்."

அவளும் சிரித்தாள். அவன் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை. மாரியாயி என் தொடையைக் கிள்ளினாள். காரியம் முடிந்தது என்று அர்த்தம்.

முருகானந்தமும் குஷியாகிவிட்டார். "அப்ப ரெண்டு பக்கமும் மைனஸ் இருக்குது. சரி, உங்கம்மா சொன்ன சம்பளத்துக்கு எவ்வளவு மைனஸ் போடோணும், தம்பி?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். வேறு யாராயிருந்தாலும் மழுப்பியிருப்பார்கள். இவன் வித்யாவைப் பார்த்தான். அவள் எதிரில் விளம்பரம் பேச இன்னொரு தடவை வாய் வரவில்லை போலிருக்கிறது.

"முழுசும் மைனஸுங்க. ஆளைக் கொறைச்சப்ப என்னையும் வேலைய விட்டு எடுத்துட்டாங்க. ரெண்டு மாசமாச்சு."

மாரியாயியின் கை என் தொடையிலேயே கிடந்தது. அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

காபி ஆடை கட்டியது. "கலந்துட்டுச் சொல்றமுங்க," என்றார் முருகானந்தம். அதற்கு மைனஸ் போட எனக்கே தெரியும். வித்யா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா பார்த்த பார்வையில் தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

இன்னும் அந்த ஜன்னலுக்குள் கம்ப்யூட்டர் ஓடுகிறது. நேற்று மதிலோரம் வந்து நின்றாள் மாரியாயி.

"வேற கம்பெனில கூப்புட்டிருக்காங்களாமா. முன்னைக்குச் சம்பளம் ஜாஸ்தியாமா."

"நல்லதுங்க," என்றேன்.

எவ்வளவு கழிக்கிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் துணியை உதறினேன்.