கறுப்பு ரொட்டிப் பெரியப்பா

தாராபுரத்தில் வயிறுகள் முன்பின் தெரியாத உணவை உள்ளே விடுவதில்லை. யாராவது நடுவில் உட்கார்ந்து, வந்திருப்பவர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, நமக்கு என்ன முறை வேண்டும் என்று சொன்னால்தான் "வாங்க" என்று சொல்லும். சொல்லாவிட்டால் அந்த உணவு நெஞ்சுக்குழிக்கு மேலேயே நின்றுகொண்டிருக்கும். அவசரப்பட்டு நூடுல்ஸ் சாப்பிட்ட ஒரு வக்கீல் அதை மாசியிலிருந்து ஆடி வரை நிற்க வைத்திருந்தார். பாவம், நூடுல்ஸுக்குக் கால் கடுத்திருக்கும்.

சோறு, களி, கம்பு, தயிர் வகையறாவுக்கு இந்தப் பாடு கிடையாது. குழந்தைக்குச் சோறூட்டும் நாளிலேயே தாய்மாமன் மடியில் வைத்து எல்லோருக்கும் முறை சொல்லிவிடுவார். வெளிநாட்டுச் சரக்கு வந்தால்தான் பொள்ளாச்சி ரோட்டுக்குப் போய், முறை சொல்கிற சுலோச்சனா வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

சுலோச்சனாவுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவள் ஒருத்திதான். தொழிலில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பீட்சாவை ஊத்தப்பம் வீட்டில் வாக்கப்பட்ட வெளியூர்ப் பெண் என்பாள். சாக்லேட்டைக் கருப்பட்டிக்குக் கொழுந்தனாக்கிவிடுவாள். எப்பேர்ப்பட்ட முரட்டு வயிறும் அவள் பேச்சுக்குக் கட்டுப்படும்.

வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டையின் கடைசிப் பொத்தானைக் கழற்றிக்கொள்வார். எதிரில் ஒரு முக்காலி, அதன்மேல் தட்டில் உணவு. அவள் வயிற்றோடு பேசுவாள். பேச்சு முடிகிறவரை வயிற்றுக்குச் சொந்தக்காரர் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது அல்லவா. காதில் விழுந்தாலும் விழாத மாதிரி இருப்பதுதான் மரியாதை.

சென்னியப்பன் ஒரு புதன்கிழமை காலையில் அட்டைப்பெட்டியோடு வந்தார். ஊருக்கு வெளியே நிற்கும் காற்றாலைகளில் இருபது வருஷமாக ஏறி இறங்கிப் பழுது பார்க்கிறவர். இரும்பு ஏணியைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்திருந்தது. டென்மார்க்கில் கடலுக்குள் காற்றாலை நட்டிருக்கிறார்களாம், அங்கே வேலை கிடைத்திருக்கிறது. அந்த ஊர்க் கம்பெனி ஐந்து உணவுகளை அனுப்பி, ஐந்தையும் வயிறு ஏற்றுக்கொண்டது என்று முறை சொல்பவரின் கையெழுத்தோடு ஒரு காகிதம் கேட்டிருந்தது. வாரத்துக்கு ஒருவர் என்று பேசிக்கொண்டார்கள்.

முதலில் கறுப்பு ரொட்டி. செங்கல் மாதிரி கனமாக, புளித்த வாசத்தோடு தட்டில் உட்கார்ந்திருந்தது. சுலோச்சனா வழக்கப்படி ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, உங்க பக்கத்துல பெரியவங்க யாருங்க? அவிங்களை வச்சுத்தான் முறை சொல்லோணும்."

சென்னியப்பனின் வயிறு கூச்ச சுபாவம் உள்ளது. மெல்ல, "யாருமில்லீங்க" என்றது.

"சித்தப்பன், பெரியப்பன்?"

"இல்லீங்க."

"அம்மா வழியில?"

"அநாதை விடுதியில வளந்தனுங்க. சோத்துக்கே அங்க சமையக்காரருதான் முறை சொன்னாருங்க," என்றார் சென்னியப்பன், நாட்காட்டியைப் பார்த்தபடியே. குறுக்கே பேசியது தப்புதான். ஆனால் அதை வயிற்றைச் சொல்ல விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க அவருக்கு மனசு வரவில்லை போலும்.

சுலோச்சனாவுக்கு இப்படி ஒரு சிக்கல் வந்ததே இல்லை. துணி உலர்த்தக் கொடி கட்ட வேண்டுமென்றால் இந்தப் பக்கச் சுவரிலும் ஓர் ஆணி வேண்டும். இந்தச் சுவரில் ஆணியே இல்லை. திருப்பி அனுப்பிவிடுவதுதான் வழக்கம். அவள் ரொட்டியைப் பார்த்தாள், பிறகு கடைசிப் பொத்தான் கழன்ற அந்த வெளுத்த சட்டையைப் பார்த்தாள். முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப்போட்டாள்.

"இவரு கம்புக்கு மூத்தவருங்க," என்றாள். "சின்ன வயசுலயே வடக்க ரொம்ப தூரம் போயிட்டாரு. குளிர்ல நின்னு நின்னு கறுத்துப் போயிட்டாரு. உங்களுக்கு நேராவே பெரியப்பாங்க."

வயிறு நம்பவில்லை. "எனக்குங்களா?"

"உங்களுக்குத்தானுங்க."

"அப்ப இத்தனை நாளா எங்க இருந்தாருங்க?"

"உங்களைத்தான் தேடிட்டு இருந்தாருங்க."

ரொட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமா சாமி" என்றது.

"வாங்க பெரியப்பா," என்றது வயிறு. சென்னியப்பன் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்த பிறகும் நாட்காட்டியில் ஒரே தேதியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சுலோச்சனா தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் சமையலறைக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த புதன், காடியில் ஊறிய ஹெர்ரிங் மீன். மத்தி வீட்டுப் பெண், உங்களுக்கு அத்தை என்றாள். "அத்தை எதுக்குங்க இவ்வளவு புளிப்பா இருக்காங்க?" என்று வயிறு கேட்டது. "அத்தைங்க அப்பிடித்தானுங்க," என்றாள். அதற்கு மேல் கேள்வி வரவில்லை. அதற்கடுத்த வாரம் உப்புப் போட்ட அதிமதுர மிட்டாய். நாட்டு மருந்துக் கடை அதிமதுரத்தின் தம்பி, கடற்கரையில் வளர்ந்ததால் உப்பேறிவிட்டது, கொஞ்சம் வாய்த்துடுக்கு, மற்றபடி தங்கமான சித்தப்பா. நான்காவது, பிஸ்கட் மிதக்கும் இனிப்பு மோர். குளிரக் குளிரக் கிண்ணத்தில் வந்தது. அதைத் தங்கச்சி என்றாள். தங்கச்சி என்ற சொல்லைக் கேட்டதும் வயிறு அழுதேவிட்டது. சாப்பிட்டியா கண்ணு, வழியில் வெயில் அடித்ததா என்று மோரிடம் விசாரித்துக்கொண்டே இருந்தது.

சென்னியப்பன் ஆளே மாறிப்போனார். காற்றாலை உச்சியில் உட்கார்ந்து கம்பியை முடுக்கும்போதும், பெரியப்பா சொன்னார், அத்தை கோபித்துக்கொண்டாள் என்று தனக்குள் பேசிக்கொண்டிருப்பாராம். அதை எல்லாம் புதன்கிழமை வந்து சுலோச்சனாவிடம் சொல்வார். பொத்தானைப் போட்ட பிறகும் எழுந்து போகமாட்டார். ஒருநாள் அவள் வீட்டு மின்விசிறி கிறீச்சிடுவதைக் கேட்டுவிட்டு, முக்காலி மேல் ஏறி, எண்ணெய் விட்டு, இறக்கையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரியே தெரிந்துபோயிற்று அவளுக்கு. பிடித்துப்போயிற்று. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? செவ்வாய்க்கிழமை ஆனால் வீட்டை இரண்டு தரம் பெருக்க ஆரம்பித்தாள்.

ஐந்தாவது, பழைய பாலாடைக்கட்டி. ஓரமெல்லாம் மஞ்சள் பூத்து, தெருமுனை வரைக்கும் வாசம் அடித்தது. அதற்கும் முறை யோசித்துத்தான் வைத்திருந்தாள். பால் வழி, ஆகவே அம்மா வழி. தாய்மாமன். சொல்வதற்கு முன்னால் அந்தக் காகிதம் கண்ணில் பட்டது. நான்கு கையெழுத்து இருந்தது. ஐந்தாவது இடம் காலியாக இருந்தது.

"இவரு உங்களுக்குப் பங்காளிங்க," என்று அவள் வாய் சொல்லிவிட்டது.

வயிற்றின் குரலே மாறிவிட்டது. "பங்காளியா? அப்ப வரப்பு எங்க இருக்குதுன்னு மொதல்ல சொல்லச் சொல்லுங்க."

"வரப்பு கெடக்கட்டும்," என்றது பாலாடைக்கட்டி. "கெணத்துல எனக்குச் சரிபாதி இருக்குது."

அவ்வளவுதான். யாரும் "வாங்க" என்று சொல்லாமலே பாலாடைக்கட்டி பங்கு கேட்டு உள்ளே இறங்கிவிட்டது. கொங்குநாட்டில் பங்காளி என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நடப்பது யாருக்கும் தெரியாததில்லை. விலா எலும்புக்கும் தொப்புளுக்கும் நடுவே அளந்து கல் நட்டுவிட்டார்கள். சித்தப்பா ஒரு கட்சி, அத்தை ஒரு கட்சி. பெரியப்பா பஞ்சாயத்துப் பேசப் போய் அவரையும் ஒருமையில் பேசிவிட்டார்கள். தங்கச்சி ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சென்னியப்பனால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. காற்றாலைக்கு லீவு போட்டார். காகிதத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் வேலை வேறு ஒருவருக்கு.

வெள்ளிக்கிழமை அவர் மொபெட்டைத் தள்ளிக்கொண்டே வந்து வாசலில் நின்றார்.

"உள்ள கல்லு நட்டுட்டாங்க," என்றார். "முறை எங்கயோ தப்பிருச்சு போலங்க. உங்களுக்கு அப்பிடி வராதே."

அவர் கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். உங்களுக்கு அப்படி வராதே என்று சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. உள்ளே அழைத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அவர் பொத்தானைக் கழற்றிவிட்டு, நல்ல பிள்ளையாக நாட்காட்டியைப் பார்த்தார்.

"ஏனுங்க," என்றாள் வயிற்றிடம். "நான் பொய் சொல்லிப்போட்டனுங்க. அவரு பங்காளி இல்லீங்க. உங்கம்மாகூடப் பொறந்தவரு. உங்களுக்குத் தாய்மாமனுங்க."

உள்ளே கல் உருளும் சத்தம் நின்றது.

"எதுக்குங்க அப்பிடிச் சொன்னீங்க?" என்றது வயிறு. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டது.

வயிற்றிடம் ஒருமுறை பொய் சொன்னவர் மறுமுறை உண்மை சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் தொழிலை விட வேண்டும். சுலோச்சனா முந்தானை நுனியைச் சுருட்டினாள்.

"அவரையும் நீங்க ஏத்துக்கிட்டா அஞ்சு பேரு ஆயிருமுங்க. அஞ்சு ஆயிட்டா நீங்க அந்த ஊருக்குப் போயிருவீங்க. அப்புறம் புதன்கிழமைக்கு நான் என்னங்க பண்ணுவேன்?"

பாலாடைக்கட்டியின் குரல்தான் உள்ளிருந்து கரகரவென்று கேட்டது. "எங்கக்கா பையனா நீயி? அதானே பார்த்தேன். அந்த வீம்பு அப்பிடியே எங்கக்காதான்." கல்லைப் பிடுங்கிப் போடுகிற சத்தமும், யாரோ யாரையோ கட்டிக்கொண்டு தேம்புகிற சத்தமும் கேட்டன. சென்னியப்பன் நாட்காட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவருடைய காது மட்டும் சிவந்திருந்தது. காதில் விழுந்தாலும் விழாத மாதிரி இருப்பதுதான் மரியாதை.

சுலோச்சனா ஐந்தாவது கையெழுத்தைப் போட்டாள். அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வர்றனுங்க" என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து நடந்து போனார்.

சனி போயிற்று. ஞாயிறு போயிற்று. செவ்வாய்க்கிழமை அவள் வீட்டைப் பெருக்கவே இல்லை.

புதன்கிழமை பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தாள். வயது வரிசைப்படி ஐந்து பேர் நின்றிருந்தார்கள். முன்னால் கறுப்பு ரொட்டிப் பெரியப்பா, கையில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், பூ வைத்த தட்டு. அவருக்கு அடுத்துப் பாலாடைக்கட்டி மாமா. பின்னால் அத்தை, சித்தப்பா, தளும்பாமல் நடந்து வந்த தங்கச்சி. விசேஷத்துக்காக வயிற்றிலிருந்து வெளியே வந்திருந்தார்கள்.

"வாங்க, உக்காருங்க," என்று பாயை விரித்தாள். "அவரு வரலீங்களா?"

"மொதப் பேச்சுக்கு மாப்பிள்ளை உள்ள வர்றது மொறையில்லையே கண்ணு," என்றாள் அத்தை. "ரோட்டுல வண்டி மேல உக்காந்திருக்கான்."

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சென்னியப்பன் மொபெட்டில் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவரில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

"நான் சுத்தி வளைக்கலை," என்றது பாலாடைக்கட்டி. "எங்க பையன் அடுத்த மாசம் எங்க ஊருக்குக் கெளம்பறான். தனியாப் போக அவனுக்கு மனசில்லை. அனுப்ப எங்களுக்கும் மனசில்லை. அன்னைக்கி நீ பேசினது எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. தாய்மாமன் நான் கேக்கறேன். உங்க பக்கத்துல பேசறதுக்கு யாரு இருக்கறாங்க?"

"யாருமில்லீங்க," என்றாள் சுலோச்சனா.

"அப்ப நீயே சொல்லு சாமி," என்றார் பெரியப்பா.

ஊரில் உள்ள எல்லா வயிற்றுக்கும் வாய் வலிக்க முறை சொன்னவள்தான். தனக்கென்று வந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். எழுந்து சமையலறைக்குப் போனாள். அடுப்பில் அரிசி பருப்பு சாதம் அப்போதுதான் இறக்கியிருந்தாள். ஐந்து தட்டில் போட்டு, நெய் ஊற்றி, கொண்டுவந்து வைத்தாள்.

யாரும் தொடவில்லை. பேச்சு முடியாமல் பெண் வீட்டில் கை நனைக்கக்கூடாது. தங்கச்சி மட்டும் ஆசையாக எட்டிப் பார்த்துவிட்டு அத்தையின் முறைப்புக்குப் பின்வாங்கினாள். நெய் மணம் கூடம் முழுக்கப் பரவியது.

அப்போது கறுப்பு ரொட்டியின் உள்ளேயிருந்து ஒரு கனத்த குரல் கேட்டது.

"இவரு எந்தூருங்க?"

பெரியப்பாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "தப்பா நெனைக்காதே கண்ணு. என்ர வயிறு. புதுசா யாரைப் பார்த்தாலும் கேக்கும்."

சுலோச்சனா முக்காலியை இழுத்துப்போட்டு, சாதத்தட்டை அதன்மேல் வைத்து, ரொட்டிக்கு எதிரில் உட்கார்ந்தாள். வழக்கம் தெரிந்தவர்கள். ஐந்து பேரும் முகத்தைத் திருப்பி நாட்காட்டியைப் பார்த்தார்கள்.

"அரிசி பருப்பு சாதமுங்க. இதே தாராபுரம்தான். நல்ல குடும்பம். இந்த வீட்டுலயே பொறந்து வளந்தவரு."

"சரிங்க," என்றது வயிறு. "எங்களுக்கு என்ன மொறை வேணுமுங்க?"

சுலோச்சனா நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். ரோட்டில் அவர் இன்னும் அந்த வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி மொறைங்க," என்றாள்.

"வாங்க சம்பந்தி" என்றது ரொட்டியின் வயிறு. ஐந்து பேரும் எழுந்து கை கழுவப் போனார்கள்.