ஒரே நாள் வேலை

"மொத்தமா எடுத்துடச் சொல்லிடு. ஒரே நாள் வேலை. எதுக்கு வீணா இழுத்துக்கிட்டு?" என்றாள் மாமியார், சாப்பிட்ட தட்டை ஒதுக்கியபடி.

எடுக்கச் சொன்னது, புற்றுநோய்க் கட்டி வந்திருந்த மருமகளின் இடது மார்பை. சொன்னதோ மகனிடம். மருமகள் அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் பெண்ணின் உடம்புக்கு என்ன வந்தாலும் அவளைத் தவிர மற்ற எல்லோரும் பேசித் தீர்ப்பார்கள். அதையும் பெயர் சொல்லாமல் 'அந்த இடம்' என்பார்கள்.

"நானும் அதான் நினைச்சேன்," என்றான் கணவன், கன்னத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு. "கட்டிய மட்டும் எடுத்தா அப்புறம் வாரக்கணக்கா கரண்டு வைக்கணுமாம். தினமும் யாரு கூட்டிட்டுப் போறது? வீட்டு வேலைய யாரு பாக்கறது?"

"அதானே. பிள்ளைங்களும் வளர்ந்தாச்சு. இனிமே அது எதுக்கு அவளுக்கு?"

போன வருஷம் இதே மகனுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையானது. பிடுங்கிவிடலாம் என்று பல் டாக்டர் சொன்னதற்குத் தாயும் பிள்ளையும் குதித்தார்கள். தானாக முளைத்த பல்லாம், அதைப் போய் பிடுங்குவார்களா! வேர்வரை சுத்தம் செய்து, மருந்து வைத்து அடைத்து, மேலே தொப்பி போட்டு அதைக் காப்பாற்ற அவன் நடையாய் நடந்தான். ஒவ்வொரு தடவையும் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு லீவு போட்டுவிட்டு மருமகள்தான் துணைக்குப் போனாள். யார் கூட்டிக்கொண்டு போவது என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அறுவை சிகிச்சை செய்யப்போகும் பெண் டாக்டர் ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார்.

"கட்டி ரொம்பச் சின்னது. கைக்குத் தட்டுப்படல, படத்துலதான் தெரியுது. அதனால ஆபரேஷன் அன்னிக்குக் காலையில ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே மெல்லிசான கம்பி ஒண்ணை அது வரைக்கும் விடுவோம். அந்தக் கம்பிய வழிகாட்டியா வச்சு, கட்டியையும் அதைச் சுத்திக் கொஞ்சம் நல்ல சதையையும் எடுத்துடுவோம். எடுத்த சதையோட ஓரத்துல மை தடவி சோதனைக்கு அனுப்புவோம். ஓரம் வரைக்கும் நோய் இருந்தா இன்னொரு தடவை எடுக்க வேண்டி வரலாம். பள்ளம் விழாம பக்கத்துச் சதையை நகர்த்தித் தைச்சிடுவேன். அப்புறம் கரண்டு, அதாவது கதிர்வீச்சு. இவங்க நிலைமையில முழுசா எடுத்தாலும் ஆயுசு ஒண்ணும் கூடப்போறதில்ல."

"முழுசாவே எடுத்துடுங்க டாக்டர். வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டோம்," என்றான் கணவன்.

"யாரு யாரு பேசினீங்க?"

"நானும் அம்மாவும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். ஒரு தலையசைப்பு போதும், வீட்டில் சண்டை இருக்காது. மார்பும் இருக்காது.

"என்கிட்ட யாரும் பேசல டாக்டர்," என்றாள். "என் மார்பு அது. கட்டிய மட்டும் எடுங்க. கரண்டுக்கு நானே பஸ் புடிச்சு வந்துக்கறேன்."

'மார்பு' என்ற சொல்லைக் கேட்டதும் கதவு சாத்தியிருக்கிறதா என்று கணவன் பதறித் திரும்பினான். அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த அன்றுகூட அவன் இப்படிப் பதறவில்லை.

வீடு திரும்பியதும் மாமியார் பிடித்துக்கொண்டாள். "இந்த வயசுல என்ன அழகு வேண்டிக் கெடக்கு? தினம் தினம் ஆஸ்பத்திரியே கதின்னு கெடந்தா இங்க அடுப்பை யாரு பாத்துக்கறது?"

"அடுப்பைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவு பண்ணுங்க அத்தை," என்று சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போனாள்.

துடைத்துக்கொண்டு வந்தபோது கணவன் நாற்காலியில் சுருண்டிருந்தான். கன்னம் வீங்கியிருந்தது.

"பல்லு வலி உயிர் போகுது. இந்தத் தடவை இந்தப் பக்கம். நாளைக்குக் கடைக்கு லீவு சொல்லிடு. பல் டாக்டர்கிட்ட போய், போன தடவை மாதிரியே வேர் வைத்தியம்..."

அவள் துண்டைக் கொடியில் போட்டு, சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டாள்.

"மொத்தமா பிடுங்கிடச் சொல்லுங்க," என்றாள். "ஒரே நாள் வேலை."