கோணலாகக் கூடிய எலும்பு

புறவழிச் சாலைக்காக தன்யூப் ஆற்றங்கரையிலிருந்த மக்காச்சோளக் காட்டை வழித்தபோது எலும்புகள் வெளியே வந்தன. ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன், கிழக்கிலிருந்து குதிரைகளில் வந்து இந்தச் சமவெளியில் தங்கிவிட்ட அவார் கூட்டத்தின் இடுகாடு அது. அவர்கள் எங்கிருந்து கிளம்பினார்கள், யார் யாருக்குச் சொந்தம் என்று மரபணுவை வைத்துக் கண்டுபிடிப்பது யசெங்காவின் வேலை.

லூட்சா தினமும் வந்து காட்டோரம் நிற்பாள். எழுபதைத் தாண்டியவள். முப்பது வருடங்களுக்கு முன் போரில் நகரம் எதிரிகளிடம் விழுந்த இலையுதிர் காலத்தில் அவள் மகன் துன்யா ரொட்டி தேடிப் போனான், திரும்பவில்லை. பிடித்த ஆட்களை லாரியில் இந்தப் பக்கம்தான் கொண்டுபோய்ச் சுட்டுப் புதைத்தார்கள் என்று ஊரில் பேச்சு. அதனால் சுற்றுவட்டாரத்தில் யார் மண்ணைக் கிளறினாலும் அவள் அங்கே போய் நின்றுவிடுவாள்.

இடுகாட்டின் ஓரத்தில் ஒரு ஆண் குப்புறக் கிடந்தான். மற்ற ஆண்களுக்கு இருந்த வெண்கல இடைக்கச்சை அவனுக்கு இல்லை, பக்கத்தில் பானையும் இல்லை. பின்மண்டை உடைந்திருந்தது. உழுது உழுது மேல்மண் கரைந்ததில் குழியும் ஆழமில்லை. யசெங்கா இடது காலைத் தூரிகையால் துலக்கினாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு எப்போதோ முறிந்து கோணலாகக் கூடியிருந்தது.

"அது என் புள்ளை காலு."

லூட்சா சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே வந்திருந்தாள்.

தோண்டும் ஆட்களுக்குத் தலைவனான தமீர் ஓடிவந்தான். அதே ஊர்க்காரன். "லூட்சாம்மா, இதெல்லாம் ராஜா காலத்து எலும்பு. வெளிய வாங்க."

"நீ சும்மா இருடா. உங்கப்பன் வீட்டு வால்நட் மரத்துலேர்ந்துதானே விழுந்தான்? கட்டுப் போட்டவன் மூக்கு முட்டக் குடிச்சிருந்தான். கோணலாத்தான் கூடுச்சு." அவள் யசெங்காவின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு கண்ணு. படிச்சவ நீ. இவனா இருக்குமா?"

சோதித்துப் பார்க்காமல் எதையும் சொல்லக்கூடாது என்பது யசெங்காவுக்குத் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருக்க அவளால் முடியவில்லை.

"இருக்கலாம்மா" என்றாள்.

போலீஸ் வந்து பார்த்தது. காலத்தைக் கணிக்கவும் மரபணுவைப் பார்க்கவும் ஒரு பல்லும் எலும்புத் துண்டும், ஒப்பிட லூட்சாவின் ரத்தமும் ஆய்வகத்துக்குப் போயின. குளிர்காலம் முழுக்கக் காத்திருப்பு. லூட்சா அடக்கத்துக்குப் பாதிரியாரிடம் பேசிவிட்டாள். துன்யாவின் அறைக்கு வெள்ளையடித்தாள். அவனைப் புதைக்கக் கறுப்பு சூட் ஒன்று வாங்கி அலமாரியில் மாட்டினாள்; எலும்புக்கூட்டுக்கு எதற்கு என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. "அவசரமில்லை கண்ணு. இத்தனை வருஷம் இருந்துட்டேன், இதுவா பெருசு?" என்று தொலைபேசியில் சிரிப்பாள். 

பனி உருகும் சமயத்தில் முடிவு வந்தது. தமீரை அனுப்பலாமா என்று யசெங்கா ஒரு கணம் நினைத்தாள். பிறகு வெட்கப்பட்டு அவளே போனாள்.

லூட்சா காபி ஊற்றி வைத்தாள். யசெங்கா கோப்பையைத் தொடவில்லை.

"அவர் துன்யா இல்லைம்மா. அந்தக் காலத்து ஆளுதான்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை பாத்தோம்."

"என் ரத்தத்தோட வச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தோம்மா. ஒட்டலை."

லூட்சா மேசைவிரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தாள். "அப்போ யாரு அவன்?"

சொல்லாமல் வந்திருக்கலாம். கேட்டதால் சொன்னாள். "அப்பா வழி தூரக் கிழக்கு, புல்வெளி நாட்டுக்காரங்க. அண்ணன் ஒருத்தர் அதே இடத்துல இருக்கார். அம்மாவும் ரெண்டு குழி தள்ளி..."

"அம்மாவா? அவன் அம்மாதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மரபணு சொல்லுது. சந்தேகமே இல்லை."

"ஆயிரம் வருஷத்துக்கு முந்தி செத்தவளுக்குப் புள்ளையக் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டீங்க." குரல் உயரவில்லை. "நான் உசுரோட உக்காந்திருக்கேன்."

லூட்சா மேசைவிரிப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"அவங்களையாவது பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கீங்களா?"

"இல்லைம்மா. அந்த அம்மா எலும்பு வேற நாட்டு ஆய்வகத்துக்குப் போயிருக்கு. இவர் எங்க கிடங்குல, பெட்டிக்குள்ள."

லூட்சா அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"அன்னைக்கு ஏண்டி 'இருக்கலாம்'னு சொன்ன? அவன் கிடைக்காம இருக்க நான் பழகிப் போயிருந்தேனே."

மன்னிப்புக் கேட்கத்தான் யசெங்கா வாயைத் திறந்தாள். அதற்குள் லூட்சா எழுந்து கதவைத் திறந்து பிடித்தாள்.

அதன்பிறகு லூட்சா எந்தப் பள்ளத்தின் பக்கமும் போகவில்லை. தமீர் ஒருமுறை கூப்பிட்டதற்கு, "கால் வலிக்குதுப்பா" என்றாளாம். கோடையில் சாலை போட்டு முடித்தார்கள். ஒரு தாயும் இரு மகன்களும் அடங்கிய குடும்பத்தைப் பற்றிய யசெங்காவின் கட்டுரை வெளியானது. நிறையப் பேர் பாராட்டி எழுதினார்கள். ஒன்றுக்கும் அவள் பதில் போடவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் தமீர் தொலைபேசியில் கூப்பிட்டான். லூட்சா போய்விட்டாள், அடக்கமும் முடிந்துவிட்டது என்றான்.

"எனக்கு ஏன் முன்னாடியே சொல்லலை?"

"லூட்சாம்மாதான் உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுச்சு."

ஒரு மண்டையோட்டின் உடைந்த துண்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தாள் யசெங்கா. பேசி முடிப்பதற்குள் விரலில் பசை காய்ந்துவிட்டது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அடுத்த துண்டைத் தேடினாள். எது எதோடு பொருந்தும் என்று அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.