சைவமா என்று கேட்டார்

அவள் ஆட்காட்டி விரலுக்கு நரம்பு தட்டுப்படவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஊசி ஏற்றுபவள் என்று பேர் வாங்கியவள், அன்று காலை ஒரு பெரியவரை மூன்று முறை குத்திவிட்டாள்.

"ஏம்மா, ரத்தம் எடுக்க வந்தியா, தையல் போட வந்தியா?" என்றார் அவர்.

ஒரு மாதமாகவே விரல் நுனி மரத்துக் கிடந்தது. அம்மாவுக்கு முந்தியே தெரியும். "கறிக்கடையில நின்னு வெட்டித்தான்டி உன்னைப் பட்டதாரி ஆக்கினேன். நீ பாலைக் கூடத் தொடாம இலை தழையில நாலு வருஷம் ஓட்டுற. உடம்பு கேக்காதா?"

"கன்னுக்குட்டி குடிக்க வேண்டியதை நான் ஏன் குடிக்கணும்? உனக்கும்தான் கால் மதமதங்குது. கை நீட்டு. யார் ரத்தம் நல்லாருக்குன்னு பாத்துடலாம்."

சவால் விட்டே இரண்டு பேர் ரத்தத்தையும் எடுத்து, பரிசோதனைக் கூடத்துத் தோழியிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். பி12 சத்து அவளுக்குக் குறைவு. அம்மாவுக்கு அதைவிடக் குறைவு.

காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள், பேர் மாறவில்லை.

"இப்ப யார் ஜெயிச்சது?" என்றாள் அம்மா. "படிச்சவதானே, சொல்லு."

படித்தவளுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. இருவருமாக மருத்துவரிடம் போனார்கள்.

"அம்மா வருஷக்கணக்கா சாப்பிடுற சர்க்கரை மாத்திரை அந்தச் சத்தை உடம்புல சரியா சேர விடாது. அதான்," என்றார் அவர். "உனக்கு எப்படி? பால் குடிக்கிற இல்ல?"

"இல்ல."

"முன்னாடி வந்தப்ப சைவம்னு சொன்னியே!"

"சைவமான்னு கேட்டீங்க, ஆமான்னேன். பால் குடிப்பியான்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

அவர் பேனாவை மூடினார். "கேட்டிருக்கணும். அப்பவே மாத்திரை எழுதியிருப்பேன்."

"ஆயுசுக்கும் இப்படியே சாப்பிடலாமா, கூடாதா? அதைச் சொல்லுங்க."

"சாப்பிடலாம். பி12 மாத்திரையை மட்டும் ஆயுசுக்கும் விடக்கூடாது. மத்த சத்தையும் அப்பப்ப பாத்துக்கணும். முதல்ல ஊசி போட்டுக்கோ."

"விரல் சரியாகிடுமா?"

"பெரும்பாலும் ஆகும். ஆறு மாசம் பாப்போம்."

பெரும்பாலும். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு யாரோடு சண்டை போடுவது? மாத்திரை இல்லாமல் நிற்காத சாப்பாடு சரியான சாப்பாடா? அப்படியென்றால் கறி தின்ற அம்மாவுக்கும் அதே ஊசி ஏன்? ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் அவள் இடது கையைத் தேய்த்தாள், அம்மா வலது கையைத் தேய்த்தாள். யாரும் யாரையும் குத்திக்காட்டவில்லை.

மறுநாள் வரிசையில் பதினோரு பேர். முதலில் நின்ற பெண்ணின் முழங்கை மடிப்பில் விரலை வைத்தாள். மரக்கட்டையைத் தொட்ட மாதிரி இருந்தது. கூட வேலை பார்க்கும் அக்காவிடம் ஊசியை நீட்டினாள்.

"அக்கா, நீங்க எடுங்க. எனக்கு விரல்ல உணர்ச்சி இல்ல."

"எல்லாம் உன் இலை தழை பண்ற வேலையாடி?"

"அதுவாத்தான் இருக்கணும். ஆனா அதை விட்டுடணுமான்னு கேட்டா, தெரியலக்கா."

அக்கா ஊசியை வாங்கிக்கொண்டாள்.