எரியாத அடுப்பு

தில்மாயா கணவனின் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது.

தெருமுனைக் குடோனில் காவலுக்கு உட்கார்ந்த நாற்காலியிலேயே தன்பகதூரின் உயிர் போயிருந்தது. காலை ஏழு மணிக்கு லோடு ஆட்டோவில் உடம்பு, விசில், மூங்கில் கம்பு மூன்றையும் இறக்கிவிட்டுப் போனார்கள். மகன் நேபாளத்தில். வந்து சேர நான்கு நாளாகும்.

சுங்குவார்சத்திரத்தில் ஆறு வருஷம். வந்த புதிதில், "சப்பமூக்குக்கெல்லாம் வூடு இல்ல" என்று ஏழு வாசலில் கதவைச் சாத்தினார்கள். எட்டாவதாகக் கிடைத்தது இந்த ஒற்றை அறை. தெருவுக்கு அவன் கூர்க்கா, அவள் சைனாக்காரி. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

எதிர் வீட்டு முனியம்மாளின் இட்லிக் கடை அடுப்பு எரியவில்லை. கம்பெனி பஸ்ஸுக்குப் போகும் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். தில்மாயா முடிச்சை விட்டுவிட்டு அங்கே பார்த்தாள். போன வருஷம் பின்கட்டில் ஒரியாக்காரப் பையன் செத்துக் கிடந்தபோதும் அந்த அடுப்பில் வடை வெந்துகொண்டுதான் இருந்தது. இன்று தன்னால் பிழைப்புக் கெட்டதென்று அறையைக் காலி செய்யச் சொல்வார்களோ?

எழுந்து போய்க் கைகூப்பினாள்.

"அக்கா, சீக்கிரம் எடுத்துடும். கோவிக்காத. கடை தொற."

"இன்னாடி பேசற?" முனியம்மாள் முறைத்தாள். கண் சிவந்திருந்தது. "தெருவுல சாவு வுழுந்து கீது. எடுக்கற வரிக்கும் எவ அடுப்பு பத்த வெப்பா? எந்த வூட்லனா குக்கர் சத்தம் கேக்குதா பாரு."

தெருவே ஓசையற்றிருந்தது.

"அந்த ஒரியாப் புள்ளைக்குத்தான் அணைக்காம வுட்டேன். அந்தப் பாவம் என்னிய இன்னும் வுடல." மூக்கைச் சிந்தினாள். "உன் வூட்டுக்காரரு டெய்லி நாலு மணிக்கு என் கதவுல கம்பால ரெண்டு தட்டு தட்டி எழுப்புவாரு. நான் கேக்கவேயில்ல, அவரா செஞ்சாரு. இன்னிக்குத் தட்டல. வா மாயா, குளிப்பாட்டலாம்."

அந்தப் பெயரை இவள் எப்போது தெரிந்துகொண்டாள்?

பூட்ஸ் முடிச்சை முனியம்மாள் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

மதியம் ஏரிக்கரைக்கு நான்கு பேர் தோள் கொடுத்தார்கள். வாடகைக்கு அறை கொடுத்த கோபாலும் ஒருவர். வாசலெல்லாம் கழுவி முடிந்ததும் ஒவ்வொரு வீடாகக் குக்கர் கூவியது. தில்மாயா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் விடியுமுன் விழிப்பு வந்தது. பக்கத்துப் பாய் காலி. எதிர் வீட்டில் விளக்கில்லை. மூலையில் சாய்ந்திருந்த கம்பை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். கதவில் இரண்டு முறை தட்டினாள்.

 உள்ளே தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.