சிவப்பு வண்டியின் நேரம்

காலை பத்தரை மணிக்குக் கத்தரி தன் மேசையில் உட்கார்ந்து, முன்பின் பார்த்திராத ஒரு மனிதரின் மூக்கை உடைப்பதற்கு ஏற்ற வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தான். பந்தயப் பாதையை ஒட்டிய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது அந்தக் கார்ப் பத்திரிகை அலுவலகம். வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அவன் வேலை, அதனால்தான் கத்தரி. வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போதெல்லாம் அவனே திரும்பிப் பார்ப்பதில்லை. மூக்கு உடைபட வேண்டியவர் ஒரு வாசகர். பத்திரிகையின் இணையதளத்தில் குண்டூசி என்ற பெயரில் வந்து குத்திவிட்டுப் போகிறவர்.

பத்திரிகை பிழைப்பதே ஒரு பட்டியலால்தான். சாமானியன் தொட்டுக்கூடப் பார்க்க முடியாத விலையுள்ள கார்களை இந்தப் பாதையில் ஒரு சுற்று ஓட்டி, எது எத்தனை நொடி என்று அடுக்கிய பட்டியல். குண்டூசிக்கு அதைக் கண்டாலே ஆகாது. 'ஒரு வண்டியைக் கொளுத்தும் வெயிலில் ஓட்டினீர்கள், இன்னொன்றை மழை விட்ட மறுநாள். ஒன்றின் தொட்டி நிறைய பெட்ரோல், மற்றதில் கால்வாசி. டயர் கடையில் வாங்கியதா, கம்பெனிக்காரர் கையோடு கொண்டுவந்ததா? அரை நொடி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ஒன்றை அரசன், ஒன்றை ஆண்டி என்கிறீர்களே!' ஆறு வருடமாக அரைத்த மாவையே அரைத்தார். கத்தரியும் சளைக்காமல் ஒரே பதிலை எழுதினான்: பாதை ஒன்று, ஓட்டுகிறவர் ஒருவர், மற்றதெல்லாம் வயிற்றெரிச்சல்.

அந்த ஓட்டுகிற ஒருவர் அவனுடைய அக்காவின் கணவர். மாமாவைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துப் பேசினால் கத்தரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் இந்த வாரம் மாமாவே தன்னைக் குறைத்துப் பேசிக்கொண்டிருந்தார். பட்டியலில் முதலிடம் ஒரு சிவப்பு வண்டிக்கு. ஆறு வருடத்துக்கு முன்னால் மாமா ஓட்டியது, ஒரு நிமிடம் 47.3 நொடி. அதே கம்பெனியின் புது வண்டி இப்போது சோதனைக்கு வந்திருந்தது. பழையதைவிடச் சுற்றுக்கு முக்கால் நொடியாவது வேகம் என்று கம்பெனி ஆள் அடித்துச் சொன்னார். இரண்டு நாள் ஓட்டியும் மாமாவால் ஒரு நிமிடம் 48.1-க்குக் கீழே வர முடியவில்லை. "வண்டில ஒரு குறையும் இல்ல சார்" என்று கம்பெனி ஆள் இழுத்த இழுப்பிலேயே குறை எங்கே என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மாமாவுக்கு நாற்பத்தேழு வயது. இன்று மூன்று சுற்று, முடியாவிட்டால் விலகிக்கொள்கிறேன், அடுத்த மாதத்திலிருந்து சின்னப் பையன்கள் யாராவது ஓட்டட்டும் என்று ஆசிரியரிடம் அவரே சொல்லியிருந்தார்.

காலையில் அக்கா தொலைபேசியில் அழாத குறை. "நேத்து வீடியோ அனுப்பினியே, அதைப் பார்த்ததுலேர்ந்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. எதுக்குடா அந்தச் செவத்த ஒட்டிப் போறாரு? கேட்டா, 'அன்னைக்கு என்னால முடிஞ்சுது, இன்னைக்கு ஏன் முடியாது'ன்னு கத்தறாரு. நீ சொன்னா கேப்பாருடா."

"மாமாவுக்கு நான் வண்டி ஓட்டச் சொல்லித் தரதா?" என்று சிரித்து மழுப்பினான் கத்தரி.

குண்டூசியின் இன்றைய குத்தல் புதிது. 'சிவப்பு வண்டி வீடியோவை நேற்று ஒன்பது முறை பார்த்தேன். பாதி வழியில் வரும் பாலத்துக்கு அடியில் நுழையும்வரை, ஓரத்துக் கம்பங்களின் நிழல் கம்பத்தின் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. பாலத்தைத் தாண்டியதும் நிழல்கள் பாதையின் குறுக்கே நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கின்றன. பாலத்தைக் கடக்க ஒரு நொடி. அதற்குள் உங்கள் ஊர்ச் சூரியன் நாலு மணி நேரம் ஓடிவிட்டதா? அப்படியானால் முதலிடத்தைச் சூரியனுக்குக் கொடுங்கள்.'

கிறுக்கு முற்றிவிட்டது என்று எழுதப் போனவன், எதற்கும் ஆதாரத்தோடு அடிப்போம் என்று ஆறு வருடத்துப் பழைய கோப்பைத் திறந்தான். திரையின் அடியில், வீடியோவைக் காட்டும் நீலப் பட்டை ஒரே துண்டாக இருந்திருக்க வேண்டும். இரண்டு துண்டாக இருந்தது. இரண்டும் பாலத்தின் இருட்டுக்குள் சுத்தமாக ஒட்டப்பட்டிருந்தன. கத்தரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒட்டிய லாகவம் அவனுடையது. உலகத்தில் வேறு யார் மறந்தாலும் அவன் விரல்களுக்கு அது தெரியும்.

கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் நினைவுக்கு வந்தது. விளம்பரத்துக்கு அழகான ஒரு சுற்று வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மதியச் சுற்றில் முதல் பாதி அருமை, இரண்டாம் பாதியில் வண்டி அகலமாகப் போய்ப் புழுதி கிளப்பியிருந்தது. மாலைச் சுற்றில் முதல் பாதி சுமார், இரண்டாம் பாதி கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல. நல்ல பாதிகள் இரண்டையும் சேர்த்து ஒட்டி, 'முழுச் சுற்று' என்று பெயர் வைத்து மூடினான். விளம்பரம்தானே, யார் நொடி பார்க்கப் போகிறார்கள்? இரண்டு வாரம் கழித்து ஆசிரியர் பட்டியலுக்கு நேரம் கேட்டார். ஓட்டிய அன்று தொடக்கக் கோட்டருகே வைத்திருந்த நேரக் கருவிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதால், வீடியோவில்தான் எண்ண வேண்டியிருந்தது. அவசரத்தில், 'முழுச் சுற்று' என்று பெயரிருந்த கோப்பைத் திறந்து, கோட்டிலிருந்து கோடுவரை எண்ணினான். இரண்டு தடவை சரிபார்க்கவும் செய்தான். ஒரு நிமிடம் 47.3.

இப்போது வெட்டாத சுற்றுகளைத் தேடி எடுத்து எண்ணினான். மாலைச் சுற்று 49.6. மதியச் சுற்று 48.9. அன்றைக்கு மாமா உண்மையில் ஓட்டிய அதிகபட்ச வேகம் அதுதான். நேற்றோ 48.1. கம்பெனி ஆள் சொன்ன முக்கால் நொடி அப்படியே வந்திருக்கிறது. மாமா நேற்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாரே, அவர் இந்தப் பாதையில் ஓட்டியதிலேயே அதுதான் வேகமான சுற்று. கத்தரிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

குண்டூசியின் வார்த்தைகளை அழிக்க ஒரு பொத்தான் போதும். அம்புக்குறியை அதன்மேல் வைத்தும்விட்டான். அழித்தால் பட்டியல் பிழைக்கும், வேலை பிழைக்கும், ஆறு வருடமாக வாய்கிழியப் பேசியவனின் மானம் பிழைக்கும். அப்போதுதான் கீழே புது வண்டி உறுமிக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது. மாமாவின் சுற்றுகள் பதினொரு மணிக்குத்தானே என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று ஆகியிருந்தது. நாற்காலி சாய்ந்து விழுந்தது, அவன் படிகளில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தான்.

வண்டிகள் நிற்கும் கூடத்துக்கு அவன் வருவதற்குள் முதல் சுற்று முடிந்திருந்தது. 47.9. டயர்க்காரர் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து காற்றழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது. "கடைசி வளைவுல செவத்தத் தடவிக் குடுத்துட்டு வராருப்பா உங்க மாமா. கம்பெனிக்காரன் கைதட்டறான். எனக்கு உசுரே இல்ல."

மாமா கண்ணாடியை இறக்கினார். கண்கள் பளபளத்தன. "பார்த்தியாடா? இன்னும் புள்ளி ஆறுதான். செவத்துகிட்ட இன்னும் கொஞ்சம் இடம் இருக்கு."

"மாமா, வண்டிய நிறுத்துங்க."

"உங்க அக்கா அனுப்பினாளா?"

"அந்த நாப்பத்தேழு புள்ளி மூணு பொய் மாமா." மூச்சு வாங்கியது. "நீங்க ஓட்டல. யாருமே ஓட்டல. மதியம் ஓட்டினதுல பாதி, சாயங்காலம் ஓட்டினதுல பாதி. விளம்பரத்துக்காக நான் ஒட்டினது. அப்புறம் மறந்துபோய் அதையே எண்ணிக் குடுத்துட்டேன்."

டயர்க்காரரின் கையிலிருந்த கருவி அப்படியே நின்றது. மாமாவின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அடிபட்ட இடத்தில் வலி வருவதற்கு முன் ஒரு கணம் ஒன்றும் தெரியாதே, அப்படி இருந்தார்.

"நான் நிஜமா ஓட்டினது எவ்வளவு?"

"நாப்பத்தெட்டு ஒன்பது. நேத்தே அதைத் தாண்டிட்டீங்க. இப்ப முழுசா ஒரு நொடி தாண்டிட்டீங்க. உங்ககிட்ட ஒண்ணும் குறையல மாமா."

"அப்போ அந்த ஆளு?"

"எந்த ஆளு?"

"சிவப்பு வண்டிய ஓட்டினவன்." மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார். "ஆறு வருஷமா அவனப் பார்த்துத்தானேடா நான் வயிறெரிஞ்சுட்டு இருந்தேன். நான்தான் அவன்னு நெனச்சு. அதுக்கப்புறம் எந்த வண்டிலயும் அவன்கிட்ட நெருங்க முடியல. கண்ணு மங்கிடுச்சு, கை தளர்ந்துடுச்சுன்னு டாக்டர் டாக்டரா அலைஞ்சேன். உங்க அக்காகிட்ட எரிஞ்சு விழுந்தேன்."

"அப்படி ஒரு ஆளே இல்ல மாமா."

கத்தரி கன்னத்தில் ஓர் அறையை எதிர்பார்த்து நின்றான். வாங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். "அய்யய்யோ, புடிங்கப்பா!" என்று டயர்க்காரர் எழுவதற்குள் வண்டி பாதையில் இறங்கிவிட்டது.

கத்தரி திரைகள் இருந்த மேசைக்கு ஓடினான். உள்ளே இருக்கும் மனிதர் என்ன நினைக்கிறார் என்று தெரியாத பயத்தில் திரையோடு ஒட்டி நின்றான். ஆனால் வண்டி வேகமெடுக்கவேயில்லை. பாலத்தின் அடியில் ஊர்ந்து நுழைந்து, ஊர்ந்து வெளியே வந்தது. அத்தனை கோடி விலையுள்ள வண்டி, வாடகைக்கு வீடு தேடுகிறவனைப் போல வளைவு வளைவாகப் போயிற்று. மேலே நேரக் கருவி மூன்று நிமிடம், நான்கு நிமிடம் என்று எண்ணிக்கொண்டே இருந்தது. "என்ன ஆச்சு, வண்டில ஏதாவது கோளாறா?" என்று கம்பெனி ஆள் கேட்டார்.

கடைசி வளைவில் வண்டி நின்றது. மாமா இறங்கினார். தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். சற்று முன் அவருடைய டயர் இழுத்த கறுப்புத் தடம், முழங்கால் உயரக் கான்கிரீட் சுவரை ஒட்டிப் போயிருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து, தடத்துக்கும் சுவருக்கும் நடுவில் தன் முஷ்டியை வைத்துப் பார்த்தார். கொள்ளவில்லை. விரல்களை நீட்டிச் சேர்த்து வைத்தார். மூன்று விரல்தான் கொண்டது. அந்தக் கையை அங்கிருந்து எடுக்காமல், வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.